நூற்பாலையில் விளைந்த நல்வாழ்வு

பணியிட நல்வாழ்வு பற்றி அண்மைக்காலமாக நிறையப் பேசப்படுகிறது. பெருநிறுவனங்கள் காலையில் யோகப் பயிற்சி நடத்துகின்றன. மாதம் ஒருமுறை மனநல வல்லுநரை அழைத்து உரையாற்றச் செய்கின்றன. 2024-ஆம் ஆண்டு உலக மனநல நாளின் கருப்பொருளே பணியிட மனநலம்தான். மனச்சோர்வாலும் மனப்பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாள்கள் வீணாகின்றன என்றும், அதனால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலர் என்றும் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மதிப்பிட்டுள்ளன.

இந்த அக்கறை வரவேற்கத்தக்கது. ஆயினும், அடிப்படையான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. உழைப்பவரின் உடல்நலமும் மனநலமும் எங்கே தொடங்குகின்றன? வேலை முடிந்தபின் அளிக்கப்படும் பயிற்சியிலா, வேலை அமைக்கப்பட்டிருக்கும் முறையிலா? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அவர் ராபர்ட் ஓவன்.

பொருளாதாரச் சிந்தனை வரலாற்றைக் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளில், ஓவனுக்கு ஒரு வகுப்புக்கு மேல் ஒதுக்கப் பாடத்திட்டம் எனக்கு இடம் தந்ததில்லை. பிரான்சின் சான் சிமோன், ஃபூரியே ஆகியோரோடு சேர்த்து, கற்பனைச் சமதர்மவாதிகள் என்ற தலைப்பின்கீழ் அவர் ஒரு பத்தியில் முடிந்துவிடுவார். பின்னாளில் அவரைப் பற்றி விரிவாகப் படித்தபோது, அந்தத் தலைப்பு அவருடைய பிற்பாதி வாழ்வுக்கு மட்டுமே பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. முற்பாதி வாழ்வில் அவர் கற்பனாவாதி அல்லர். கணக்கேட்டைக் கையில் வைத்திருந்த, தம் காலத்தின் மிகத் திறமையான ஆலை நிர்வாகிகளுள் ஒருவர்.

ஓவன் 1771 மே 14 அன்று வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். இரும்புப் பொருள்களும் விற்றவர். ஏழு குழந்தைகளில் ஆறாமவரான ஓவன் ஊர்ப் பள்ளியில் சில ஆண்டுகளே படித்தார். பத்து வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, லண்டன் வழியாக ஸ்டாம்ஃபோர்டு நகருக்குச் சென்று, மக்கஃபாக் என்பவரின் ஜவுளிக்கடையில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு நல்வாய்ப்பாக அமைந்தவை இரண்டு. முதலாளி நேர்மையானவர், கடையில் நல்ல புத்தகங்களும் இருந்தன.

அடுத்த அனுபவம் வேறுவிதமானது. லண்டன் பாலத்தருகே மக்கள் கூட்டம் மிகுந்த மலிவு விலை ஜவுளிக்கடை ஒன்றில் அவர் வேலைக்கு அமர்ந்தார். காலை எட்டு மணிக்கு முடியலங்காரம் முடித்து நேர்த்தியான உடையில் நிற்க வேண்டும். இரவு கடை மூடிய பிறகு, கலைந்து கிடக்கும் துணிகளையெல்லாம் மடித்து அடுக்க வேண்டும். பரபரப்பான விற்பனைப் பருவத்தில் அது முடிய இரவு இரண்டு மணி ஆகிவிடும். படுக்கப் போகும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் மாடிப்படி ஏற முடிந்தது என்று முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் அவர் நினைவுகூர்கிறார். கிடைத்த உறக்கம் ஐந்து மணிநேரம். பதின்ம வயதில் உடலில் பதிந்த அந்தக் களைப்பை அவர் மறக்கவேயில்லை.

பின்னர் மான்செஸ்டர் சென்றார். பருத்தி நூற்பு இயந்திரங்கள் அந்நகரை நாளுக்குநாள் மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனிடம் நூறு பவுன் கடன் வாங்கி, இயந்திரம் செய்யும் தொழிலில் ஒருவரோடு பங்காளியானார். அதிலிருந்து விலகிச் சொந்தமாகச் சில நூற்பு இயந்திரங்களை ஓட்டினார். சுமார் இருபது வயதில், பீட்டர் டிரிங்க்வாட்டர் என்பவரின் ஆலைக்கு மேலாளராக விண்ணப்பித்தார். கேட்ட சம்பளம் ஆண்டுக்கு முந்நூறு பவுன்; அது அவ்வயதினர் எவரும் கேட்கத் துணியாத தொகை. வேலை கிடைத்தது. ஐந்நூறு தொழிலாளர்கள் அவர் பொறுப்பில் வந்தனர். சேர்ந்த முதல் சில வாரங்கள் எவருக்கும் எந்த உத்தரவும் இடாமல், காலையில் முதல் ஆளாக வந்து, இரவில் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டி, ஆலையைக் கவனிப்பதிலேயே அவர் கழித்தார்.

மான்செஸ்டரில் அவர் பெற்ற இன்னொரு கல்வி மருத்துவர்களிடமிருந்து வந்தது. தாமஸ் பெர்சிவல் என்னும் மருத்துவர், ஆலைகளில் பரவும் தொற்றுக்காய்ச்சலுக்கும் காற்றோட்டமின்மை, நெரிசல், இரவு வேலை, குழந்தைகளின் அளவுமீறிய உழைப்பு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டி வந்தார். அவருடைய முயற்சியால் 1796-இல் அமைந்த மான்செஸ்டர் சுகாதாரக் குழுவில் ஓவனும் இடம்பெற்றார். நோய் என்பது தனி மனிதரின் தலைவிதி அன்று, வேலையிடத்தின் விளைவாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் இங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது எனலாம்.

தொழில் நிமித்தமாக ஸ்காட்லாந்து சென்றுவந்த ஓவன், கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேலின் மகள் கரோலினைச் சந்தித்தார். டேலுக்குச் சொந்தமான நியூ லனார்க் ஆலைகள் கிளைட் ஆற்றின் அருவிகளை ஒட்டி அமைந்திருந்தன. 1799-இல் ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் அவ்வாலைகளை அறுபதாயிரம் பவுனுக்கு, இருபது ஆண்டுத் தவணையில், விலைக்கு வாங்கினர். அதே ஆண்டு செப்டம்பரில் ஓவன் - கரோலின் திருமணம் நடந்தது. 1800 ஜனவரி முதல் நாள் ஆலையின் நிர்வாகம் ஓவன் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 28.

டேல் இரக்கமுள்ளவர். ஆயினும், ஆலைக்கு ஆள் கிடைப்பது கடினமாக இருந்தது. எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழையர் இல்லங்களிலிருந்து வந்த குழந்தைகள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் அங்கே தங்கி உழைத்தனர். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். நாள் முழுவதும் ஆலையில் நின்ற பிறகு இரவில் அவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். தூங்கி விழும் குழந்தைக்கு எழுத்து எப்படி ஏறும்? வளர்ந்த தொழிலாளர்களிடையே குடியும் சில்லறைத் திருட்டும் சண்டையும் மலிந்திருந்தன. வேல்ஸிலிருந்து வந்த புதிய மேலாளரை அவர்கள் நம்பவில்லை. அவர் எந்தச் சீர்திருத்தம் செய்தாலும் அது தங்களைக் கூடுதலாகப் பிழிவதற்கே என்று கருதினர்.

ஓவன் எவரையும் சிறைக்கு அனுப்பவில்லை. மனிதரின் குணத்தைப் பெரிதும் உருவாக்குவது சூழலே என்பது அவருடைய மாறாத நம்பிக்கை. ஆகவே, சூழலை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். ஏழையர் இல்லங்களிலிருந்து குழந்தைகளைப் பெறுவதை நிறுத்தினார். பத்து வயதுக்கு உட்பட்டோரை ஆலையில் சேர்ப்பதில்லை என்று விதித்தார். ஓர் அறையில் ஒரு குடும்பமாக முடங்கிக் கிடந்தவர்களுக்கு வீடுகளை விரிவாக்கினார். தெருவில் குவிந்திருந்த குப்பையையும் சாணத்தையும் அகற்றி, தெருக்களைத் தூய்மையாக வைத்திருக்க ஏற்பாடு செய்தார்.

அடுத்து, கடை. தனியார் கடைகள் தரம் குறைந்த பொருளை உயர்ந்த விலைக்குக் கடனில் விற்றுத் தொழிலாளர்களைச் சுரண்டி வந்தன. ஓவன் ஆலையின் சார்பில் ஒரு கடை திறந்தார். மொத்தமாகக் கொள்முதல் செய்த நல்ல உணவுப்பொருளும் துணியும் அடக்கவிலைக்குச் சற்றே கூடுதலாக அங்கே விற்கப்பட்டன. அதில் கிடைத்த சிறு ஆதாயமும் பள்ளிக்கூடச் செலவுக்குப் போயிற்று. நியூ லனார்க்கில் கூலி கிளாஸ்கோ ஆலைகளைவிட உயர்ந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால், அதே கூலியில் கூடுதலாக வாங்க முடிந்தது. பொருளியலில் இதனை மெய்க்கூலி என்கிறோம். கடன் சுமை குறைந்த வீட்டில் மனச்சுமையும் குறையும் என்பதற்குத் தனியாக ஆய்வு தேவையில்லை.

தொழிலாளர்களின் நம்பிக்கை அவருக்குக் கிடைத்தது ஒரு நெருக்கடியின்போதுதான். அமெரிக்கா பிரிட்டனோடு முரண்பட்டுத் தன் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியைத் தடை செய்தது. பருத்தி விலை தாறுமாறாக ஏறியது. ஆலை முதலாளிகள் பலரும் கதவடைத்துத் தொழிலாளர்களை வெளியேற்றினர். ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால், ஆள்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்துப் பராமரிக்கும் பணியை மட்டும் கொடுத்து, நான்கு மாதங்களுக்கு முழுக் கூலியும் வழங்கினார். அதற்கான செலவு ஏழாயிரம் பவுனுக்கு மேல். வேலை போய்விடுமோ என்ற அச்சம்தான் உழைப்பவரின் மனத்தை அரிக்கும் முதல் நோய். அதற்கு அவர் கொடுத்த மருந்து இது. அதன்பின் நியூ லனார்க் மக்கள் அவரைச் சந்தேகிக்கவில்லை.

நோய்க்கால நிதி ஒன்றும் இருந்தது. தொழிலாளர்கள் தம் கூலியில் அறுபதில் ஒரு பங்கை அதில் செலுத்தினர். நோயிலும் முதுமையிலும் விபத்திலும் அது கைகொடுத்தது. சேமிப்பு வங்கியும் ஏற்பட்டது. பிற ஆலைகளில் பதின்மூன்று, பதினான்கு மணிநேர வேலை வழக்கமாக இருந்தபோது, 1816-இல் நியூ லனார்க்கின் வேலைநேரம் உணவு இடைவேளை நீங்கலாகப் பத்தே முக்கால் மணிநேரமாகக் குறைந்தது. இன்றைய கண்ணுக்கு அது நீண்ட நேரமே. அன்றைக்கு அது துணிச்சல்.

குறைத்த நேரத்தை என்ன செய்வது என்பதையும் அவர் எண்ணிப்பார்த்தார். 1816 ஜனவரி முதல் நாள், குண உருவாக்க நிலையம் என்று பெயரிட்ட கட்டடத்தைத் திறந்துவைத்தார். பகலில் அது பள்ளிக்கூடம். நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்கே அங்கு இடம் உண்டு. பிரிட்டனின் முதல் மழலையர் பள்ளிகளுள் அது ஒன்று. ஆசிரியராக அவர் தேர்ந்தெடுத்த ஜேம்ஸ் புக்கனன், பெரும்படிப்பு இல்லாத நெசவாளர். குழந்தைகளிடம் அளவற்ற பொறுமை உடையவர். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை அடிக்கவோ திட்டவோ கூடாது என்பது முதல் விதி. மழலையரைப் புத்தகத்தால் துன்புறுத்தக் கூடாது. பூவையும் காயையும் விலங்கின் படத்தையும் காட்டிப் பேச வேண்டும். நடனமும் இசையும் பாடத்தின் பகுதிகள். மாலையில் அதே கட்டடம் பெரியவர்களுக்கு உரியது. படிக்கலாம், உரை கேட்கலாம், பாடலாம், ஆடலாம். ஆலையிலிருந்து களைத்து வருபவருக்கு மதுக்கடையைத் தவிர வேறு ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவையெல்லாம் ஆதாயத்தைத் தின்றனவா? ஒரு பொருளாதார ஆசிரியனாக நான் ஆர்வத்தோடு பார்த்த பகுதி இதுதான். 1799-இல் அறுபதாயிரம் பவுனுக்கு வாங்கிய ஆலைகள், 1809-இல் கூட்டாளிகள் மாறியபோது எண்பத்து நாலாயிரம் பவுனுக்கு மதிப்பிடப்பட்டன. 1813-இல் கருத்து வேறுபாடு கொண்ட கூட்டாளிகள் ஆலையை ஏலத்துக்குக் கொண்டுவந்தனர். ஓவன் புதிய கூட்டாளிகளோடு சேர்ந்து அதனை 1,14,100 பவுனுக்கு எடுத்தார். போர்க்கால விலையேற்றத்துக்கு ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், நலிந்துபோகும் நிறுவனத்துக்கு எவரும் அந்த விலை தரமாட்டார்கள். புதிய கூட்டாளிகளில் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாமும், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த வில்லியம் ஆலனும் இருந்தனர். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி. அதற்கு மேல் கிடைப்பது தொழிலாளர் குடும்பங்களின் நலனுக்கு என்பது அவர்களின் உடன்படிக்கை. ஏலத்தில் வென்று ஓவன் ஊர் திரும்பியபோது, தொழிலாளர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றனர்.

அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய சமுதாயம் பற்றிய புதிய நோக்கு என்னும் நூலில், ஆலை முதலாளிகளுக்கு அவர் ஒரு கணக்கைச் சொன்னார். உயிரற்ற இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டு, பழுதாகாமல் காத்தால் பலன் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனினும் நுட்பமான உயிருள்ள இயந்திரத்துக்கு அதே கவனிப்பைத் தந்து பாருங்கள் என்பது அதன் சாரம். அப்படிச் செலவிட்ட பணம் தமக்கு நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் திரும்பக் கிடைத்ததாகவும் அவர் கூறினார். மனிதரை இயந்திரத்தோடு ஒப்பிடுவது இன்று உறுத்தலாம். கேட்பவர்களின் மொழியில் பேசினால்தான் காதில் ஏறும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

ஆனால், அவர்கள் காதில் அது ஏறவில்லை. 1815-இல் கிளாஸ்கோவில் நடந்த ஆலை முதலாளிகளின் கூட்டத்தில் ஓவன் இரண்டு தீர்மானங்களை வைத்தார். ஒன்று, பருத்தி இறக்குமதித் தீர்வையை நீக்க அரசைக் கோருவது. அது ஒருமனதாக ஏற்கப்பட்டது. மற்றொன்று, குழந்தைகளின் வேலைநேரத்தைச் சட்டத்தால் குறைப்பது. அதனை வழிமொழியக்கூட ஒருவர் இல்லை. அங்கிருந்த பலரும் நியூ லனார்க்கை அறிந்தவர்கள். 1815-க்கும் 1825-க்கும் இடையில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அந்த ஆலையைப் பார்வையிட்டனர். பின்னாளில் ரஷ்யப் பேரரசராகப் பட்டமேற்ற நிக்கோலசும் அவர்களுள் ஒருவர். பார்த்தவர்கள் வியந்தார்கள்; பின்பற்றியவர்கள் மிகச் சிலரே.

இதன் காரணத்தைப் பொருளியல் எளிதாக விளக்கும். ஒருவர் மட்டும் வேலைநேரத்தைக் குறைத்தால், குறைக்காத போட்டியாளர் தன்னை முந்திவிடுவார் என்ற அச்சம் ஒவ்வொருவருக்கும் உண்டு. எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் விதி இல்லாதவரை நல்லெண்ணம் பரவாது. ஆகவேதான், ஓவன் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார். மூத்த ராபர்ட் பீல் தலைமையிலான குழுவின் முன் 1816-இல் சாட்சியம் அளித்தார். பத்து வயதுக்குக் கீழ் வேலை கூடாது, நாளுக்குப் பத்தரை மணிநேரமே வேலை, மேற்பார்வையிடச் சம்பளம் பெறும் ஆய்வாளர்கள் வேண்டும் என்பன அவர் கேட்டவை. 1819-இல் வந்த சட்டமோ வயதை ஒன்பதாக இறக்கியது, நேரத்தைப் பன்னிரண்டாக ஏற்றியது, பருத்தி ஆலைகளோடு நின்றுகொண்டது. ஆய்வாளர்கள் இல்லை. கேட்பாரற்ற சட்டமாக அது கிடந்தது. ஆய்வாளர்களுக்கு வழிசெய்யும் சட்டம் வர 1833 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஓவனைப் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறு ஆகாது. நியூ லனார்க்கில் நல்வாழ்வு மேலிருந்து வழங்கப்பட்டது. வீடுகள் தூய்மையாக உள்ளனவா என்று பார்க்க வந்த குழுவினரை அவ்வூர்ப் பெண்கள் மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள் என்று கேலி செய்தனர். ஒவ்வொரு தொழிலாளியின் இடத்துக்கு மேலும் நான்கு பக்கமும் நான்கு வண்ணம் தீட்டிய சிறு மரக்கட்டை ஒன்று தொங்கியது. கறுப்பு தீயது, நீலம் நடுத்தரம், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. முந்தைய நாளின் நடத்தைக்கேற்ற வண்ணம் முன்பக்கம் திருப்பப்படும். அது பதிவேட்டிலும் ஏறும். அடியும் வசையும் இல்லாத கண்காணிப்பு என்று ஓவன் அதில் பெருமை கொண்டார். தவறான மதிப்பீடு என்று கருதும் தொழிலாளி தம்மிடம் நேரில் முறையிடலாம் என்றும் வைத்திருந்தார். எனினும், அது கண்காணிப்புதான். 1819-இல் அங்கு வந்த கவிஞர் ராபர்ட் சவுதி, ஓவனின் நல்லெண்ணத்தை மதித்தபோதிலும், அவ்வூரின் ஒழுங்கில் அடிமைகள் உழைக்கும் தோட்டத்தின் சாயலைக் கண்டார். அந்த ஆலைகளில் நூலான பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகளின் கையால் விளைந்தது என்பதும் மறைக்கக் கூடாத உண்மை. கிளைட் கரையில் கட்டிய நல்வாழ்வின் எல்லை அட்லாண்டிக் கடலைத் தாண்டவில்லை.

ஓவனின் பிற்பாதி வாழ்வு தோல்விகளால் ஆனது. எல்லாச் சமயங்களையும் வெளிப்படையாகக் கண்டித்துச் செல்வாக்குள்ள நண்பர்களை இழந்தார். பள்ளியில் சமயக் கல்வி பற்றி வில்லியம் ஆலனோடு முரண்பாடு முற்றியது. 1825-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு கிராமத்தையே விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்று பெயர் பெற்ற அங்கே பொதுவுடைமைச் சமுதாயம் ஒன்றை அமைத்தார். இரண்டே ஆண்டுகளில் அது சிதறியது. அவருடைய செல்வத்தின் பெரும்பகுதியும் அதில் கரைந்தது. உழைத்த நேரத்தைக் குறிக்கும் சீட்டையே பணமாகக் கொண்டு 1832-இல் லண்டனில் அவர் நிறுவிய பண்டமாற்று நிலையமும் இரண்டு ஆண்டுகள்தான் நீடித்தது. 1834-இல் அவர் தலைமையேற்ற பெருந்தொழிற்சங்கம் சில மாதங்களில் குலைந்தது. கணவர் ஊர் ஊராகச் சென்று புதிய உலகம் பற்றிப் பேசிவந்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் தங்கிக் குடும்பத்தைக் காத்த கரோலின், 1831-இல் மறைந்தார். பிள்ளைகளில் பலர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர். பிறர் நலத்துக்காக வாழ்வோரின் வீட்டுக்குள் யார் எந்த விலையைக் கொடுக்கிறார்கள் என்பதை வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

தோற்ற முயற்சிகளிலிருந்தும் சில விதைகள் முளைத்தன. 1844-இல் ராச்டேல் நகரில் எளிய தொழிலாளர்கள் சிலர் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தனர். அவர்களுள் ஓவனின் கொள்கையினர் இருந்தனர். நியூ லனார்க் கடைக்கும் ராச்டேல் கடைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. முன்னதை நடத்தியவர் முதலாளி. பின்னதை நடத்தியவர்கள் அதில் பொருள் வாங்கியவர்களே. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வாக்கு. உலகக் கூட்டுறவு இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அதன் கிளை நம் மண்ணுக்கும் வந்தது. 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டதே.

கடைசி ஆண்டுகளில் ஓவன் ஆவிகளோடு பேசும் கூட்டங்களில் ஈடுபாடு கொண்டது அவருடைய அன்பர்களுக்குச் சங்கடம் தந்தது. 1857-இல் தன்வரலாற்றை வெளியிட்டார். மறு ஆண்டு உடல் நலிந்த நிலையில் பிறந்த ஊருக்குத் திரும்பி, 1858 நவம்பர் 17 அன்று, தாம் பிறந்த வீட்டுக்கு அருகிலேயே கண்மூடினார். வயது 87. நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை ஓடின. 2001-இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அவருடைய வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை எனக் கருதுபவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பணியிட நல்வாழ்வின் அடித்தளம் வேலைநேரம், ஓய்வு, வேலைக்குப் பாதுகாப்பு, நோயுற்றால் ஆதரவு, மரியாதையான நடத்தை ஆகிய எளிய பொருள்களால் ஆனது. ஓவன் இவற்றில்தான் கை வைத்தார். இசையும் நடனமும் அவருடைய ஊரில் இருந்தன. ஆனால், அவை குறைக்கப்பட்ட வேலைநேரத்துடன் சேர்ந்து வந்தன. நேரத்தைக் குறைக்காமல் நடனம் மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால், அது இரவுப் பள்ளியில் தூங்கி விழுந்த குழந்தைகளின் கதையாகவே முடிந்திருக்கும். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பணியிட மனநல நெறிமுறைகளும், தனிநபருக்கான பயிற்சிகளோடு, பணிச்சூழலில் உள்ள ஆபத்துகளைக் குறைக்கும் நிறுவன மட்டத்திலான மாற்றங்களைப் பரிந்துரைக்கின்றன.

நல்ல முதலாளி ஒருவரின் மனம் மட்டும் போதாது என்பது அடுத்த பாடம். கிளாஸ்கோ கூட்டத்தில் வழிமொழிய ஆளில்லாமல் போன தீர்மானம் அதைத்தான் சொல்கிறது. நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது. லண்டன் ஜவுளிக்கடையில் கால் கடுக்க நின்ற சிறுவனுக்கு அது புரிந்திருக்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அதனைத் தளர்த்திப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிசெய்யும் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரலில் நம் பேரவையில் நிறைவேறி, எழுந்த எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பெற்ற உரிமையும் காவல் இல்லாவிட்டால் கரையும் என்பதற்கு அது அண்மைச் சான்று.

இறுதியாக, எந்த நலத்திட்டமும் உழைப்பவரின் குரலைக் கேட்டு அமைய வேண்டும். என்னிடம் படித்து இன்று மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றும் சிலர் வீட்டுக்கு வரும்போது, தாங்கள் விசைப்பலகையைத் தொடாத நிமிடங்களையும் கணினி எண்ணுகிறது என்கிறார்கள். நான்கு வண்ண மரக்கட்டை இன்று மென்பொருளாகியிருக்கிறது. ஓவனின் ஆலையிலாவது, வண்ணம் தவறென்றால் முறையிட ஒரு கதவு திறந்திருந்தது. அந்தக் கதவு நம் பணியிடங்களில் இருக்கிறதா என்று நிர்வாகிகள் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் ஓய்வறை கட்டுவதற்கு முன், இரவு எத்தனை மணிக்கு ஊழியர்கள் வீடு திரும்புகிறார்கள் என்று கேட்டறிவது நலம். விடையைச் சொல்ல அவர்களுக்கு அச்சமில்லை என்றால், நல்வாழ்வுக்கான பணி அங்கே தொடங்கிவிட்டது என்று பொருள்.